வீட்டு முன்புறத்தில் ஆட்டோ கியர்பாக்ஸைக் கழற்றலாமா? காருக்கு அடியில் படுக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பழைய மைவியோ சகாவோ 'டி'யில் போட்டதும் இரண்டு மூன்று விநாடி தயங்கி, பிறகு ஓர் உதறலோடு நகரத் தொடங்கினால், பட்டறையில் முதலில் காதில் விழுவது "கியர்பாக்ஸ் போச்சு" என்பதுதான். அடுத்துக் காதில் விழுவது விலை. காரையே விற்றாலும் அந்த விலை வருமா என்ற சந்தேகம் எழும்போது, ஹாஃப்-கட் கடையில் ஒரு பழைய கியர்பாக்ஸை வாங்கி, வார இறுதியில் மைத்துனரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டு முன்புறத்திலேயே மாற்றிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள்.

முடியாத வேலை அல்ல. ஆனால், பிரேக் பேட் மாற்றுவது போன்ற வேலையும் அல்ல. சிறிய காரின் ஆட்டோ கியர்பாக்ஸ்கூட டார்க் கன்வெர்ட்டரோடு சேர்த்தால் 50 கிலோவைத் தாண்டும். அடியில் மல்லாந்து படுத்திருப்பவருக்கு மேலே அந்த எடையும் இருக்கும், காரின் எடையும் இருக்கும். கியர்பாக்ஸ் பழுதானால் பணம்தான் போகும். இங்கே தவறு நேர்ந்தால் போவது அது மட்டுமல்ல.

கழற்றுவதற்கு முன் ஒரு கேள்வி: உண்மையிலேயே கழற்றத்தான் வேண்டுமா? எண்ணெய் குறைந்திருந்தாலே கியர் தாமதமாகப் பிடிக்கும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருந்தால் 'டக்' என்ற உதறல் வரும். கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டு வால்வுகளைப் பல கார்களில் கியர்பாக்ஸை இறக்காமலேயே மாற்ற முடியும். ஸ்கேன் கருவி வைத்திருக்கும் பட்டறையில் பிழைக் குறியீட்டைப் படிக்கச் செய்வதற்கு ஆகும் செலவு, வீணாகக் கழற்றும் உழைப்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. எண்ணெய் கருத்து, தீய்ந்த வாடை அடித்து, அடித்தட்டில் உலோகத் துகள்கள் மின்னினால் மட்டுமே கழற்றும் பேச்சை எடுக்கலாம். ஹைபிரிட் கார் என்றால் அந்தப் பேச்சே வேண்டாம். ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கம்பிகளுக்கு அருகே வீட்டில் கை வைக்கக் கூடாது.

அடுத்தது தரை. நம் தாமான் வீடுகளின் முன்புறம் பெரும்பாலும் வழவழப்பான ஓடு பதித்தது. மழைநீர் வடிய வாசல் கதவை நோக்கிச் சற்றுச் சரிந்தும் இருக்கும். இரண்டுமே இந்த வேலைக்கு எதிரி. ஆக்சில் ஸ்டாண்டின் கால்கள் ஓட்டின் மேல் வழுக்கும். உள்ளே வெற்றிடம் இருந்தால் ஓடு உடைந்து ஒரு கால் இறங்கிவிடும். தடித்த பிளைவுட் பலகையை விரித்து அதன்மேல் நிறுத்துவது உதவும். ஆனால், சரிவு கண்ணுக்கே தெரிகிற அளவில் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவதுதான் நல்லது. சமமான சிமெண்டுத் தரை உள்ள நண்பர் வீடு கிடைக்காமலா போகும்?

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'பி'யில் போட்டுவிட்டால் கார் நகராது என்ற நம்பிக்கை. மைவி, சகா போன்ற கார்களில் 'பி' பூட்டுவது முன்சக்கரங்களை மட்டுமே. முன்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அந்தப் பூட்டுக்கு வேலையே இல்லை. அப்போது காரைப் பிடித்திருப்பவை பின்சக்கரங்கள், அவற்றின் கைப்பிரேக், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைத்த கட்டைகள், இவ்வளவுதான். கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடக் கூடாது.

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. உள்ளே ஒரு ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் போதும், ஹைட்ராலிக் ஜாக்கி முன்னறிவிப்பு இல்லாமல் இறங்கிவிடும். செங்கல், சிமெண்டுக் கல், பழைய ரிம் எதுவும் ஸ்டாண்டுக்கு மாற்றாகாது. எடைக் குறிப்பு அச்சிட்ட இரண்டு ஸ்டாண்டுகளைக் கையேடு காட்டும் உறுதியான இடங்களில் நிறுத்தி, காரைப் பக்கவாட்டில் பலமாக உலுக்கிப் பார்க்க வேண்டும். விழுவதாக இருந்தால், அடியில் யாரும் இல்லாத அந்த நேரத்திலேயே விழட்டும். கழற்றிய சக்கரங்களைச் சட்டத்துக்கு அடியில் படுக்க வைப்பது கூடுதல் காப்பு.

எவ்வளவு உயரம் தூக்குவது? டார்க் கன்வெர்ட்டரை மூடியிருக்கும் 'பெல்' பகுதி அகலமானது. அது பம்பருக்கு அடியில் வெளியே வர வேண்டும். ஹாஃப்-கட் கடையில் வாங்கிய கியர்பாக்ஸ் கையில் இருந்தால், அதையே இறக்கிய ஜாக்கியின் மேல் வைத்து அளந்துவிடலாம். பழையதை இறக்கிய பிறகு உயரம் போதவில்லை என்று காரை மறுபடி தூக்குவதுதான் மிக ஆபத்தான நேரம். அந்த வேளையில் முட்டெண்ணையும் மின்சாக்கெட்டின் வடிவத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரே மாடலிலும் ஆண்டுக்கு ஆண்டு மாற்றம் இருக்கும்.

வேலை வரிசையில் சில, கார் தரையில் இருக்கும்போதே முடிய வேண்டியவை. டிரைவ் ஷாஃப்டின் நடு நட் மிக இறுக்கமானது. அதைக் கழற்றும் முறை என்றால், சக்கரம் தரையில் இருக்கையிலேயே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்கத் தளர்த்திவிட வேண்டும். ஸ்டாண்டில் நிற்கும் காரில் நீண்ட குழாயை மாட்டித் தொங்குவது காரைத் தள்ளிவிடும் வேலை. பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுவதும் கட்டாயம். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் தடித்த கம்பியில் எப்போதும் மின்சாரம் உண்டு. அதில் ஸ்பேனர் பட்டால் பொறி பறக்கும்.

எண்ணெயை வடிப்பதற்கு எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கியர் கேபிள், மின்சாக்கெட்டுகள், குளிரூட்டிக் குழாய்கள் எல்லாவற்றையும் பிரிக்கும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் மறுநாள் தலையைச் சொறிய வேண்டியதில்லை. போல்ட்டுகள் ஒரே நீளம் அல்ல. ஓர் அட்டையில் கியர்பாக்ஸின் வட்டத்தை வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அந்த இடத்தில் குத்தி வைப்பது பட்டறைக்காரர்களின் பழக்கம். டிரைவ் ஷாஃப்டை வெளியே எடுக்கும்போது தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது, உள்மூட்டு கழன்றுவிடும். கியர்பாக்ஸ் ஓரத்தில் நெம்புகோல் கொடுத்து நெம்ப வேண்டும்.

எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்குகளில் ஒன்று கியர்பாக்ஸில்தான் இருக்கிறது. அதைக் கழற்றிய கணமே எஞ்சின் ஒரு பக்கம் தொங்கும். எனவே மேலிருந்து தூக்கிப் பிடிக்கும் எஞ்சின் தாங்கிச் சட்டம் அல்லது மரக்கட்டை வைத்த இரண்டாவது ஜாக்கி முன்பே தயாராக இருக்க வேண்டும். கியர்பாக்ஸுக்கு அடியில் அதற்கென உள்ள ஜாக்கியை வைத்துப் பட்டையால் கட்டிய பிறகே கடைசி இரு போல்ட்டுகளைத் தொட வேண்டும். "நெஞ்சில் வாங்கி இறக்கினேன்" என்று பெருமை பேசும் பழைய மெக்கானிக்குகள் உண்டு. அவர்களின் முதுகைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள்.

இனி டார்க் கன்வெர்ட்டர். எண்ணெய் நிறைந்த, கனமான, உருண்டையான இந்தப் பாகத்தில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். எஞ்சினின் பிளெக்ஸ் பிளேட்டோடு அதை இணைக்கும் சில போல்ட்டுகளை, அடிமூடி வழியாகவோ ஸ்டார்ட்டர் இருந்த துளை வழியாகவோ ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். அதற்காக எஞ்சினை அது வழக்கமாகச் சுழலும் திசையில் கையால் சுழற்ற வேண்டியிருக்கும். இதை முடித்த பிறகே பெல் பகுதியின் போல்ட்டுகள். கன்வெர்ட்டர் கியர்பாக்ஸோடு சேர்ந்தே வெளியே வர வேண்டும். வந்ததும் ஒரு பட்டையைக் குறுக்கே கட்டிப் பிடித்துவிட வேண்டும். கியர்பாக்ஸ் சற்று முன்பக்கம் சாய்ந்தால் போதும், அது வழுக்கிக் காலில் விழும்.

இரண்டும் பிரியும் அந்த நொடியில் அடியில் யாரும் படுத்திருக்கக் கூடாது. பக்கவாட்டில் அமர்ந்தபடி ஆட்டி அசைத்துப் பிரிக்கலாம். பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு போல்ட் மறந்துபோயிருக்கும். இடைவெளியில் திருப்புளியைச் செருகி நெம்பினால் அலுமினியம் கெடும்.

இறக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது தவறு. புதிதாக ஏற்றும் கியர்பாக்ஸில் கன்வெர்ட்டர் முழுமையாக உள்ளே அமர வேண்டும். தள்ளிக்கொண்டே சுழற்றினால் படிப்படியாக, 'க்ளக்' என்று உள்ளே இறங்குவது கையில் தெரியும். பல கியர்பாக்ஸ்களில் இரண்டு மூன்று முறை இறங்கும். நேரான ஓர் இரும்புப் பட்டையை விளிம்பில் வைத்து ஆழத்தைக் கையேட்டின் அளவோடு ஒப்பிடலாம். எஞ்சினோடு சேர்க்கும்போது இரு முகங்களும் கையழுத்தத்திலேயே ஒட்ட வேண்டும். இடைவெளி இருக்க, போல்ட்டை முறுக்கி இழுத்தால் உள்ளே எண்ணெய்ப் பம்ப் உடையும். முகங்கள் ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுழல்கிறதா என்று பார்த்துவிட்டே இறுக்க வேண்டும்.

கியர்பாக்ஸ் வெளியே இருக்கும் வாய்ப்பில் கிராங்கின் பின்பக்க எண்ணெய் சீல், டிரைவ் ஷாஃப்ட் சீல்கள் ஆகியவற்றை மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். சில ரிங்கிட் சீலுக்காக மறுபடி எல்லாவற்றையும் கழற்ற யாருக்கும் மனம் வராது. அதைவிட முக்கியம் குளிரூட்டி. பழைய கியர்பாக்ஸின் துகள்கள் அதற்குள் தங்கியிருக்கும். சுத்தம் செய்யாவிட்டால் நேரே புதியதற்குள் போகும். பழைய எண்ணெய் இளஞ்சிவப்புப் பால்போல் இருந்ததா? அப்படியானால் ரேடியேட்டருக்குள் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கின்றன. ரேடியேட்டரை மாற்றாமல் கியர்பாக்ஸை மட்டும் மாற்றினால் அதே நோய் திரும்ப வரும்.

எண்ணெய் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதைவிடக் கையேடு சொல்வதே சரி. சிவிடி கியர்பாக்ஸுக்குச் சாதாரண ஏடிஎஃப் ஊற்றவே கூடாது. வடித்த எண்ணெயை லோங்காங்கில் ஊற்றுவது அண்டை வீட்டாரோடு சண்டைக்கு மட்டும் வழி அல்ல. 2005ஆம் ஆண்டின் அட்டவணையிடப்பட்ட கழிவுகள் விதிமுறைகளில் பயன்படுத்திய மசகு எண்ணெய் இடம்பெற்றுள்ளது. மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, கழிவெண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

தனியாக இந்த வேலையில் இறங்க வேண்டாம். கூடவே இருக்கும் ஒருவர், கைக்கெட்டும் தூரத்தில் கைப்பேசி, அவசரத்துக்கு 999. பிள்ளைகளும் பூனையும் வாசலுக்கு உள்ளேயே இருக்கட்டும். மாலை இடிமழை வந்தால் ஈரத்தரையில் மின்விளக்குக் கம்பியை இழுத்துக்கொண்டு முடித்துவிடப் பார்க்காமல், மறுநாளுக்குத் தள்ளிப் போடலாம்.

எல்லாம் முடிந்து சக்கரங்கள் தரையைத் தொட்ட பிறகு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சில விநாடி நிறுத்தி, எண்ணெயின் அளவைக் கையேடு கூறும் முறையில் பார்க்க வேண்டும். முதல் ஓட்டம் தாமானுக்குள்ளேயே, மெதுவாக. திரும்பி வந்து நிறுத்தும்போது அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்து, காலையில் பார்த்தால் தெரியும். சிவப்புச் சொட்டு ஓரங்களில் இருந்தால் ஷாஃப்ட் சீல். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர்கீழே இருந்தால், ஸ்டாண்டுகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருப்பது நல்லது.