பேரரசரைக் கொன்ற தோட்டக்காரர்

ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ வரிசையில் ஆரம்பம்தான் கடைசியாக எழுதப்பட்டது. பெரிய நாவல்கள் சொல்லாமல் விட்டதைச் சின்னக் கதைகள் சொல்கின்றன.

மாண்டெல் க்ரூபருக்கு மண்ணும் செடியும் போதும். அரண்மனைத் தோட்டத்தில் திறந்த வானத்தின் கீழ் வேலை பார்ப்பவர். அவரைப் பிடித்துப்போன பேரரசர் முதலாம் க்ளியோன், தலைமைத் தோட்டக்காரராகப் பதவி உயர்த்துகிறார். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் தலைமைத் தோட்டக்காரர் என்றால் இனி நான்கு சுவர்களுக்குள் மேஜை, நாற்காலி, நிர்வாகம். வேண்டாம் என்று மன்றாடிப் பார்க்கிறார். நடக்கவில்லை. கடைசியில் துப்பாக்கியை எடுத்துப் பேரரசரைச் சுட்டுவிடுகிறார். இரண்டரைக் கோடி உலகங்களை ஆண்ட ஒரு மனிதரின் கதை, அலுவலக வேலை பிடிக்காத ஒரு தோட்டக்காரரால் முடிகிறது.

இது நடக்கும்போது பக்கத்தில் இருப்பவர் ஹாரி செல்டன். மனிதக் கூட்டத்தின் எதிர்காலத்தைக் கணிதத்தால் கணிக்கும் ‘சைக்கோஹிஸ்டரி’யை உருவாக்கியவர். அவருடைய சமன்பாடுகளில் க்ரூபருக்கு இடமில்லை. கோடிக்கணக்கானவர்கள் சேர்ந்து என்ன செய்வார்கள் என்பதை அந்த விஞ்ஞானம் சொல்லும். தனி ஒருவர் நாளைக் காலை என்ன செய்வார் என்பதைச் சொல்லாது. அரை நூற்றாண்டாக வாசகர்கள் அறிந்திருந்த விதி இது. அதன் வலி எப்படிப்பட்டது என்பதை அசிமோவ் எழுதியது மட்டும் சாவதற்குச் சற்று முன்புதான்.

தொடங்கியது ஒரு சுரங்க ரயிலில். 1941 ஆகஸ்ட் 1. அசிமோவுக்கு வயது 21. ‘அஸ்டவுண்டிங்’ இதழாசிரியர் ஜான் கேம்ப்பெல்லைப் பார்க்க நியூயார்க்கில் போய்க்கொண்டிருந்தார். கையில் கதை எதுவும் இல்லை. மடியிலிருந்த கில்பர்ட்-சல்லிவன் இசை நாடகத் தொகுப்பைப் பிரித்தபோது, ஒரு காவல் வீரன் முன்னால் தேவதைகளின் ராணி மண்டியிடும் படம் கண்ணில் பட்டது. வீரன், படை, பேரரசு, ரோமானியப் பேரரசின் வீழ்ச்சி என்று மனம் தாவியது. இறங்க வேண்டிய இடம் வருவதற்குள் விண்மீன் பேரரசு ஒன்றின் வீழ்ச்சியே கதையாகிவிட்டது. 1942 மே மாதம் முதல் கதை அச்சானது. 1950 ஜனவரி வரை அதே இதழில் எட்டுக் கதைகள்.

அவற்றில் செல்டன் பெரும்பாலும் செத்துப்போனவர். பேரரசு விழுந்தால் வரவிருக்கும் 30,000 ஆண்டு இருட்டை 1,000 ஆண்டுகளாகச் சுருக்கத் திட்டம் போட்டுவிட்டுப் போனவர். நெருக்கடி வரும்போது ஒரு பெட்டகத்தில் அவர் பிம்பம் தோன்றும், முன்பே பதிவு செய்த குரலில் பேசும், மறையும். கிட்டத்தட்ட அசரீரி.

1951-ல் கதைகள் புத்தகமாகும்போதுதான் சிக்கல். எடுத்த எடுப்பில் கதை நடுவில் தொடங்குகிறதே என்றது பதிப்பகம். எனவே அசிமோவ் புதிதாக ஒரு கதை எழுதி முன்னால் ஒட்டினார். ‘தி சைக்கோஹிஸ்டாரியன்ஸ்’ என்ற அந்தச் சிறுகதைதான் இந்த வரிசையின் முதல் முன்கதை. கிராமத்துப் பையன் பட்டணம் வருவதுபோல, கால் டோர்னிக் என்ற இளம் கணித நிபுணர் தலைநகர் ட்ரான்டருக்கு வருகிறார். 4,000 கோடிப் பேர் வாழும், முழுக்க உலோகம் போர்த்திய கோள். வந்த மறுநாளே கைது. செல்டன் மீது ராஜத்துரோக விசாரணை. கடைசியில் விதிக்கப்படும் நாடுகடத்தலே செல்டன் விரும்பிய முடிவு என்று தெரியவரும்போது வாசகருக்கு ஒரு சிலிர்ப்பு. இன்றைக்கு இந்த வரிசையைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். பின்னால் கட்டிய வாசல் என்பது பலருக்குத் தெரியாது.

நமக்கு இது புதிதல்ல. ராமாயணத்தின் பால காண்டத்தில் பெரும்பகுதி பிற்சேர்க்கை என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. நாயகன் ஜெயித்த பிறகுதான் அவன் பிறந்த கதை கேட்கத் தோன்றுகிறது.

அசிமோவ் விட்ட ஓர் இடைவெளியை முதலில் நிரப்பியவர் இன்னொருவர். அசிமோவ் எழுத வந்து 50 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி 1989-ல் ‘ஃபவுண்டேஷன்ஸ் ஃப்ரெண்ட்ஸ்’ என்ற தொகுப்பு வந்தது. அவருடைய உலகங்களில் பிற எழுத்தாளர்கள் கதை எழுதலாம் என்பது ஏற்பாடு. இப்படிப்பட்ட மாலை மரியாதைத் தொகுப்புகளில் பாதிக்கு மேல் நகலாகவே இருக்கும். அதில் ஆர்சன் ஸ்காட் கார்ட் எழுதிய ‘தி ஒரிஜினிஸ்ட்’ மட்டும் தனித்து நிற்கிறது.

கார்டின் நாயகன் லெயெல் ஃபோர்ஸ்கா பெரிய அறிஞர், செல்டனின் நண்பர். டெர்மினஸ் கோளுக்குப் போகும் குழுவில் தன்னைச் சேர்ப்பார் என்று காத்திருக்கிறார். அழைப்பு வரவே இல்லை. செல்டனும் இறந்துபோகிறார். ஒதுக்கப்பட்ட மனிதனின் மனப்புழுக்கம்தான் கதை. மனைவி டீட்டுக்கோ பேரரசின் நூலகத்தில் வேலை. அங்குள்ளவர்களோடு அவள் ஒட்டிக்கொள்வதைப் பார்த்து அவருக்குப் பொறாமை வேறு. அந்த நூலகத்துக்குள் ரகசியமாக என்ன முளைத்துக்கொண்டிருக்கிறது என்பது போகப்போகத்தான் புரிகிறது. அசிமோவின் பழைய நாவலில் ‘இரண்டாவது ஃபவுண்டேஷன்’ எங்கே ஒளிந்திருக்கிறது என்பது பெரிய மர்மம். அது எப்படிப் பிறந்திருக்கும் என்பதை ஒரு தம்பதியின் ஊடலுக்குள் வைத்துச் சொல்கிறார் கார்ட். தாங்கள் பகிர்ந்துகொள்ளும் கதைகளால்தான் மனிதர்கள் ஒரு சமூகமாகிறார்கள் என்ற யோசனையும் கூடவே வருகிறது. அசிமோவின் பாத்திரங்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், ஆனால் வீட்டுக்குப் போக மாட்டார்கள். கார்டின் ஆள் வீட்டுக்குப் போகிறார். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிது.

அசிமோவும் திரும்பி வந்தார். 1988-ல் ‘ப்ரெலூட் டு ஃபவுண்டேஷன்’ நாவலில் செல்டன் 32 வயது இளைஞர். ஓட்டமும் துரத்தலுமாகப் போகும் அது சுமார் ரகம்தான். பழைய ரோபோ கதைகளை இதோடு முடிச்சுப் போடும் ஆசையில் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு ரோபோவை நிறுத்தியது, மனிதர்களின் சரித்திரத்தைக் கொஞ்சம் மட்டம் தட்டிவிட்டது.

‘ஃபார்வர்ட் த ஃபவுண்டேஷன்’ வேறு ஜாதி. நான்கு குறுநாவல்கள்; சில அவர் பெயரைத் தாங்கிய மாத இதழிலேயே முதலில் வெளிவந்தவை. ஒவ்வொன்றும் செல்டனிடமிருந்து ஒருவரையாவது பறிக்கிறது. வழிகாட்டி டெமர்ஸெல் விலகிப் போகிறார். க்ளியோன் கொல்லப்படுகிறார். மனைவி டார்ஸ் அவரைக் காப்பாற்றிவிட்டு இறக்கிறாள். வளர்ப்பு மகன் ரேய்ச்சும் போய்விடுகிறான். மிஞ்சுவது பேத்தி வாண்டா. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டுக் கிழவர் படியேறி இறங்குகிறார். தெருவில் ரௌடிப் பையன்கள் தாக்குகிறார்கள். எதிர்காலத்தைக் கணக்குப் போட்டவருக்குத் தன் வீட்டில் அடுத்து யார் என்று தெரியவில்லை.

இதை எழுதியவரின் நிலைமை அப்போது வாசகர்களுக்குத் தெரியாது. 1983-ல் நடந்த இதய அறுவைச் சிகிச்சையின்போது ஏற்றிய ரத்தத்தின் மூலம் அசிமோவுக்கு எச்.ஐ.வி. தொற்றியிருந்தது. 1992 ஏப்ரல் 6-ம் தேதி, 72 வயதில் இறந்தார். புத்தகம் 1993-ல் வந்தது. நோயின் உண்மையை மனைவி ஜேனட் வெளியிட்டது 2002-ல். அதற்குப் பிறகு கடைசிப் பகுதியைப் படித்தால், செல்டனின் மூட்டு வலியும் அவசரமும் வேறு மாதிரி கேட்கின்றன.

2021-ல் தொடங்கிய ஆப்பிள் டிவி தொடர், டெமர்ஸெல்லை இந்த முன்கதைகளிலிருந்துதான் எடுத்து, பெண்ணாக மாற்றிக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டுப் புத்தகம் தேடுபவர்கள் கதை நடக்கும் கால வரிசைப்படி 1988 நாவலில் தொடங்க நினைப்பார்கள். வேண்டாம். முதலில் 1951 புத்தகம், செல்டன் வெறும் குரலாகவே இருக்கட்டும். மூன்று பழைய புத்தகங்களும் முடிந்த பிறகு கார்டின் கதை. 1993 புத்தகம் கடைசியில். அதன் முடிவில் 81 வயதுக் கிழவர் ஒருவர் மேஜை மீது சாய்ந்து இறந்து கிடக்கிறார், சுற்றிலும் தன் சமன்பாடுகளோடு.