கண் காணாத ஒளியில் ஒரு படம்

நண்பகல் வெயிலில் எடுத்த படம். ஆனால், மரத்தின் இலைகள் பனி படர்ந்தவை போல வெளுத்திருக்கின்றன. வானமோ ஏறக்குறையக் கறுப்பாக உள்ளது. இத்தகைய அகச்சிவப்புப் படங்களை அமெரிக்க இயற்பியல் அறிஞர் ராபர்ட் வுட் 1910ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்.

நம் கண்கள் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியை மட்டுமே காணும். சிவப்புக்கு அப்பால் இருப்பது அகச்சிவப்பு ஒளி. இலையிலுள்ள பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் உறிஞ்சும், அகச்சிவப்பை உறிஞ்சாது. அந்த ஒளி இலைக்குள் இருக்கும் உயிரணுக்களிலும் காற்று இடைவெளிகளிலும் பட்டுச் சிதறி, பெருமளவு வெளியே திரும்பிவிடுகிறது. அதனால் இலை வெண்மையாகப் பதிகிறது. சாதாரணப் பச்சைச் சாயத்திற்கு இந்தத் தன்மை இல்லை. ஆகவே, பச்சை வண்ணம் பூசி மரங்களிடையே மறைத்து வைத்த போர்த்தளவாடங்களைக் கண்டறிய, இரண்டாம் உலகப் போரின்போது இத்தகைய படங்கள் உதவின. உடல் வெப்பத்தைக் காட்டும் கருவி வேறு. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக்கூடாது.

அகச்சிவப்புப் படச்சுருளைக் கருவியில் பொருத்தினால் மட்டும் போதுமா? போதாது. அச்சுருளில் நாம் காணும் ஒளியும் பதியும். வடிகட்டி இல்லாமல் எடுத்தால் வழக்கமான கறுப்பு வெள்ளைப் படமே கிடைக்கும். அடர்சிவப்பு வடிகட்டி நீலத்தையும் பச்சையையும் தடுப்பதால் மாற்றம் ஓரளவு தெரியும். 720 நானோமீட்டர் வடிகட்டியோ நாம் காணும் ஒளியை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். ஆனால், வடிகட்டி சுருளுக்குப் பொருந்த வேண்டும். இல்ஃபோர்டு எஸ்எஃப்எக்ஸ் 200 என்னும் சுருள் சுமார் 740 நானோமீட்டர் வரையிலான ஒளியை மட்டுமே பதிவு செய்யும். அதனுடன் 850 நானோமீட்டர் வடிகட்டியைப் பயன்படுத்தினால் எதுவுமே பதியாது.

அடர்ந்த வடிகட்டியைப் பொருத்தியபின் அதன் வழியே காட்சி தெரியாது. எனவே, கருவியை முக்காலியில் நிறுத்தி, காட்சியைத் தெளிவாக்கிய பிறகே வடிகட்டியை மாட்டுவர். அகச்சிவப்பு ஒளி சற்றுத் தள்ளிக் குவிவதால், பழைய வில்லைகள் பலவற்றில் அதற்கெனச் சிறு சிவப்புக் குறி இருக்கும். வில்லையை அக்குறிவரை திருப்ப வேண்டும். ஒளிமானியையும் முழுதாக நம்ப முடியாது. அது பெரும்பாலும் நாம் காணும் ஒளியையே அளக்கிறது. ஆகவே, ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவில் மூன்று முறை எடுப்பது நல்லது. அப்படிச் செய்தால் 36 படச் சுருளில் 12 காட்சிகளே அடங்கும். அவற்றில் எது தேறியது என்பது, இருட்டறையில் சுருளைக் கழுவிய பிறகே தெரியவரும்.