பட்டம் பெற்ற பின்னும் ஏன் பயிற்சி? விரிவுரையாளர்களின் கல்வியும் எமது பிள்ளைகளும்

“மாமா, இந்தச் சனி ஞாயிறும் வீட்டை போக ஏலாது. பயிற்சி வகுப்பு இருக்கு.”

அக்காவின் மகள் தொலைபேசியில் சொன்னது இது. தெற்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. கிளிநொச்சியில் இருக்கும் அக்காவுக்குக் கோபம். “படிச்சு முடிச்சு, வேலையும் எடுத்த பிறகு இன்னும் என்ன பயிற்சி?” என்று என்னிடம் கேட்டார். நான் ஹாலிஎலயில் உயர்தர வகுப்புக்குக் கற்பிக்கும் ஆசிரியன். அக்காவுக்கு அன்று சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். ஏனென்றால், பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் எல்லாப் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய விடயம் இது.

எங்கள் குடும்பம் எப்படி இரண்டு ஊரானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1977 வன்செயலுக்குப் பிறகு பெரியப்பா குடும்பம் ஹாலிஎலத் தோட்ட லயத்தை விட்டு வவுனியாவுக்குப் போனது. அங்கிருந்து கிளிநொச்சி. மலையகத்திலிருந்து அப்படி வன்னிக்குப் போன குடும்பங்கள் ஏராளம். 1983க்குப் பின் இன்னும் பலர் போனார்கள். 2009இல் அக்காவின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. மெனிக்பாம் முகாமில் கூடாரத்தின் கீழ் இருந்து படித்தவள். இன்று அவள் விரிவுரையாளர்.

பயிற்சி இல்லாமல் தொடங்கும் ஓர் ஆசிரியத் தொழில்

பாடசாலை ஆசிரியராவதற்கு எங்களுக்குப் பயிற்சி உண்டு. கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவானவர்கள் இரண்டு வருடம் அங்கேயே தங்கிப் படித்து, மூன்றாவது வருடம் பாடசாலையில் கட்டுறுபயிற்சி பெறுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கவே அவ்வளவு ஆயத்தம் தேவைப்படுகிறது.

பல்கலைக்கழகத்தில் நிலைமை வேறு. சிறந்த வகுப்புச் சித்தியோடு பட்டம் பெற்றவர் விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வில் தெரிவாகி, அடுத்த வாரமே நூறு மாணவர்களுக்கு முன்னால் நிற்கக்கூடும். பாடம் அவருக்குத் தெரியும். பாடத்தை எப்படிக் கற்பிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். தனக்குக் கற்பித்தவர்களைப் பார்த்து அவரும் அப்படியே செய்வார். அவர்கள் திரையில் உள்ளதை வாசித்துவிட்டுப் போனவர்களானால் இவரும் வாசித்துவிட்டுப் போவார்.

இதைத் திருத்தத்தான் பல்கலைக்கழகங்களில் பணியாளர் அபிவிருத்தி நிலையங்கள் இயங்குகின்றன. புதிய விரிவுரையாளர்களுக்கு உயர்கல்வியில் கற்பித்தல் தொடர்பான சான்றிதழ் கற்கைநெறியை இவை நடத்துகின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொண்ட இத்தகைய கற்கைநெறியை முடிக்காமல் பதவியில் நிரந்தரமாக முடியாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கற்கைநெறிக்கு பிரித்தானியாவின் ‘செடா’ என்ற தொழில்சார் அமைப்பின் அங்கீகாரமும் கிடைத்தது.

அங்கே என்ன படிக்கிறார்கள்? ஒரு விரிவுரை முடியும்போது மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதுவது, சிறு குழுக்களாகப் பிரித்துக் கற்பிப்பது, வினாத்தாளை நியாயமாகத் தயாரிப்பது, மாணவருக்கு ஆலோசனை சொல்வது. அத்தோடு சக விரிவுரையாளர் ஒருவர் வகுப்பின் பின்வரிசையில் இருந்து அவதானித்துக் குறைநிறை சொல்வதும் உண்டு.

மருமகளுக்குப் பயன்பட்டது இந்தக் கடைசி விடயம்தான். அவள் வகுப்பை அவதானித்தவர், “பின்வரிசையில ஏழெட்டுப் பேர் ஒன்றுமே எழுதேல்ல, கவனிச்சீங்களா?” என்று கேட்டாராம். விசாரித்தபோது அவர்கள் தமிழ்மூலம் உயர்தரம் படித்து வந்தவர்கள். இருவர் தோட்டத்துப் பிள்ளைகள். ஆங்கில விரிவுரையின் வேகம் பிடிபடவில்லை. கேட்க வெட்கம்.

“நானும் முதல் வருசம் அப்பிடித்தானே மாமா இருந்தனான். ஆனா மேடையில ஏறின உடனே மறந்துபோச்சு,” என்றாள். இப்போது முக்கியமான கலைச்சொற்களை ஒரு தாளில் எழுதி முதல் நாளே கொடுக்கிறாளாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்திக் கேள்வி கேட்கிறாளாம். செலவில்லாத இரண்டு மாற்றங்கள். அந்த ஏழெட்டுப் பேரும் இரண்டாம் வருடத்துக்குப் போவார்களா இல்லையா என்பதை இவை தீர்மானிக்கக்கூடும்.

ஆய்வு மாநாடு என்றால் என்ன?

சான்றிதழோடு வேலை முடிவதில்லை. தகுதிகாண் காலம் முதலில் மூன்று வருடம். எட்டு வருடம் வரை நீடிக்கலாம். அதற்குள் ஆய்வுப் பட்டமும் பெற வேண்டும். சிரேஷ்ட விரிவுரையாளர், பேராசிரியர் என்று உயர்வதற்கு ஆய்வுகள் வேண்டும். அந்த ஆய்வுகள் பெரும்பாலும் முதலில் அரங்கேறும் இடம் ஆய்வு மாநாடு.

அதன் நடைமுறை இதுதான். மாநாட்டுக் குழு கட்டுரைகளுக்கு அழைப்பு விடுக்கும். ஆய்வாளர் சுருக்கத்தை அனுப்புவார். எழுதியவர் யாரென்று தெரியாத மதிப்பீட்டாளர்கள் அதை வாசித்து ஏற்பார்கள், திருத்தச் சொல்வார்கள் அல்லது நிராகரிப்பார்கள். ஏற்கப்பட்டால் பதினைந்து நிமிடமளவில் பேசி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மதிப்பீடே இல்லாமல் பணம் கட்டியவர்களையெல்லாம் ஏற்கும் போலி மாநாடுகளும் உலகெங்கும் பெருகியுள்ளன. உண்மையான மாநாட்டின் பெறுமதி அந்த மதிப்பீட்டிலும் கேள்விகளிலும் இருக்கிறது.

போர்க்காலத்தில் இந்த வாசல் வடக்குக்கு அடைபட்டிருந்தது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகச் சமூகமும் சேர்ந்து பெயர்ந்தது. 1990இல் கிளிநொச்சியில் ஆரம்பித்த விவசாய பீடம் போரினால் அங்கிருந்து அகற்றப்பட்டு, போர் முடிந்த பிறகே அறிவியல் நகருக்குத் திரும்பியது. 2006 ஓகஸ்ட்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பின்னர், கொழும்பில் நடக்கும் ஒரு கருத்தரங்குக்கு வருவதற்கும் பாதுகாப்பு அனுமதி எடுத்து, கப்பலையோ விமானத்தையோ பிடிக்க வேண்டியிருந்தது. விரிவுரையாளர் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டால் அவரிடம் படிக்கும் மாணவரும் துண்டிக்கப்படுகிறார். இதை வாசிப்பவர்களில் பலர் அந்த மாணவர்களாக இருந்திருப்பீர்கள்.

எங்கள் மலையில் நடக்கும் மாநாடு

மலையகத்தில் எங்களுக்கு இருப்பது வேறு விதமான தூரம். ஹாலிஎலக்கு அடுத்த புகையிரத நிலையம் பதுளை. அங்கிருந்து பசறை வீதியில் போனால் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம். நாட்டின் வளங்களுக்குப் பெறுமதி சேர்ப்பதை நோக்கமாகக் கொண்ட அங்கே தேயிலைத் தொழினுட்பத்துக்கென்றே ஒரு பட்டநெறி உண்டு. அதன் சர்வதேச ஆய்வு மாநாட்டில் தேயிலை, ஏற்றுமதிப் பயிர்கள், கனியவளம், சுற்றுலா எனப் பல துறைகளின் ஆய்வுகள் முன்வைக்கப்படுகின்றன. கற்பித்தல் மொழி ஆங்கிலம்.

சுற்றிவரத் தேயிலைத் தோட்டங்கள். ஆனால் கொழுந்து பறிக்கும் ஒரு தாய்க்கு, தன் செடியைப் பற்றிப் பக்கத்து மலையில் ஆய்வு நடக்கிறது என்பது தெரியாது. இது ஒரு பல்கலைக்கழகத்தின் குறையென்று நான் சொல்லவில்லை. நாடு முழுவதும் வழக்கம் அதுதான். எங்கள் லயத்துக்கும் எத்தனையோ பேர் வினாக்கொத்தோடு வந்திருக்கிறார்கள். சம்பளம், இரத்தசோகை, வீடு, பிள்ளைகள் பாடசாலையை விட்டு விலகுவது என எல்லாம் கேட்பார்கள். அம்மா தேநீர் ஊற்றிக் கொடுத்துப் பதில் சொல்லியிருக்கிறார். முடிவு என்னவென்று ஒருவரும் திரும்பி வந்து சொன்னதில்லை.

எங்கள் கையில் இருக்கும் மூன்று வழிகள்

முதலாவது, பதவி உயர்வுத் திட்டத்திலேயே உள்ளது. பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிப்பவர் மூன்று பகுதிகளில் புள்ளி பெற வேண்டும்: கற்பித்தல், ஆய்வு, அறிவைப் பரப்புதலும் பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் ஆற்றும் பங்களிப்பும். ஆகவே, பாடசாலை அல்லது சனசமூக நிலையம் ஒரு விரிவுரையாளரைப் பேச அழைப்பது உபகாரம் கேட்பதாகாது. அது அவருடைய கடமைக்குள் வருவது. கூச்சப்படாமல் அதிபர் ஊடாகக் கடிதம் எழுதுங்கள்.

இரண்டாவது, மாணவர்களுக்கு. பாடநெறி முடிவில் தரும் பின்னூட்டப் படிவத்தை வெறுமனே கோடிட்டுக் கொடுக்காதீர்கள். “வேகம் அதிகம், கலைச்சொல் விளங்கவில்லை” என்று எழுதுங்கள். கற்பித்தலை மதிப்பிடும்போது அவை பார்க்கப்படுகின்றன.

மூன்றாவது, மாநாடு நடத்துபவர்களுக்கு. இரண்டு நாள் மாநாட்டில் ஒரு பிற்பகலைத் தமிழிலும் சிங்களத்திலும் ஊர் மக்களுக்காக ஒதுக்கலாம். யாரிடம் தகவல் பெற்றீர்களோ அவர்களை முன்வரிசையில் இருத்திப் பேசுங்கள். அவர்கள் கேட்கும் கேள்வி எந்த மதிப்பீட்டாளரும் கேட்காததாக இருக்கும்.

அக்கா இப்போது சமாதானமாகிவிட்டார். மருமகளிடம் ஒன்று கேட்டேன். வருகிற விடுமுறையில் ஹாலிஎலக்கு வந்து, என் உயர்தர மாணவர்களோடு ஒரு காலை இருக்க வேண்டும். பல்கலைக்கழக முதல் வருடம் எப்படியிருக்கும், ஆங்கில விரிவுரையை எப்படிப் பின்தொடர்வது என்று சொல்ல வேண்டும். உடனே சம்மதித்தாள். அவளது தாத்தா பிறந்து வளர்ந்த லயத்தையும் பார்க்க வேண்டுமாம். இதுவரை பார்த்ததில்லை.