யோகாசனத்தை இடைவிடாது செய்ய வழி

ஜூன் 21, உலக யோகா தினத்தன்று விரித்த பாய், சம்பா நடவு தொடங்கியதும் சுருண்டுவிடுவது விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் இயல்பே. "நாளெல்லாம் சேற்றில் குனிகிறோம், ஆசனம் எதற்கு?" என்பர் உழவர். குனிவதால்தான் அது வேண்டும். நடவில் முதுகு முன்னோக்கியே வளைகிறது. புஜங்காசனம் அதனைப் பின்னோக்கி வளைக்கிறது. திண்டிவனத்துக்கு வடக்கே, கூடுவாஞ்சேரியில் 1911-இல் பிறந்து, எளியமுறை உடற்பயிற்சியை வகுத்த வேதாத்திரி மகரிஷியும் தறி நெய்தவரே.

வேலை மிகுந்த நாட்களில் ஓர் ஆசனமே போதும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபின், கஞ்சி குடிக்குமுன் என்று அன்றாட வேலையோடு அதனைப் பிணைத்துக்கொண்டால் மறவாது. இடுப்பு வலியுள்ளோர் முதலில் மருத்துவரைக் கேட்டல் வேண்டும். தனியே செய்வோர்க்குச் சலிப்பு எளிதில் வரும். ஆதலால் ஊராட்சி உறுப்பினர்கள் அண்டை வீட்டார் நால்வரை ஒரே திண்ணையில் கூட்டுவிக்கலாம். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.