அடுத்த எண் என்ன?

3, 6, 12, 24, 48... அடுத்த எண் என்ன? "96" என்று நொடியில் சொல்லிவிடுவீர்கள். ஒவ்வோர் எண்ணும் முந்தையதைப்போல் இரு மடங்கு. தேர்வில் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால், இயற்கையிடம் இதே முறையில் விடை காண முடியுமா? காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள்.

தொடரின் முன்னால் ஒரு 0, இறுதியில் உங்கள் விடையான 96 ஆகியவற்றைச் சேருங்கள். ஒவ்வொன்றுடனும் 4ஐக் கூட்டி 10ஆல் வகுங்கள். 0.4, 0.7, 1.0, 1.6, 2.8, 5.2, 10.0 என்று வருகிறதல்லவா?

சூரியனிலிருந்து பூமியின் சராசரித் தூரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர். இதனை 1 என்று வைத்துக்கொண்டால், புதனின் தூரம் 0.39; வெள்ளி 0.72, செவ்வாய் 1.52, வியாழன் 5.20, சனி 9.54. என்ன பொருத்தம், பாருங்கள்! 2.8க்கு மட்டும் கோள் இல்லை.

இப்பொருத்தத்தை 1766இல் டிட்டியஸ் என்ற ஜெர்மானியர் எடுத்துக்காட்டினார். 1772இல் போடே என்ற வானியலார் இதைப் பரப்பினார். 1781இல் ஹெர்ஷெல் யுரேனஸைக் கண்டுபிடித்தார். தொடர்படி அடுத்த எண் 19.6, உண்மைத் தூரம் 19.2. 1801 ஜனவரி 1ஆம் நாள், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாட்சி என்பவர் சீரிஸ் என்னும் சிறிய வான்பொருளைக் கண்டார். அதன் தூரம் 2.77. காலியிடமும் நிரம்பிவிட்டது! நீங்களாயிருந்தாலும் இதை இயற்கை விதி என்றே நம்பியிருப்பீர்கள்.

அடுத்த எண் 38.8. யுரேனஸ் கணித்த பாதையிலிருந்து சற்றே விலகியது. அதற்கு வெளியே உள்ள ஒரு கோளின் ஈர்ப்பே காரணம் என்று கருதிய லெவெரியே, நியூட்டனின் ஈர்ப்பு விதியைக் கொண்டு அதன் இடத்தைக் கணக்கிட்டார். புதிய கோளின் தூரத்துக்கு மட்டும் இந்தத் தொடரையே முதலில் துணைக்குக் கொண்டார். 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லினில் கல்லே தொலைநோக்கியைத் திருப்பினார். கணித்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் இருந்தது! ஆனால் அதன் தூரமோ 30.1. ஈர்ப்பு விதி காட்டிய திசை சரியாயிற்று. எண் தொடர் காட்டிய தூரம் பொய்த்தது.

காரணம் என்ன? எந்தப் பொருள், எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு விசையுடன் இழுக்கிறது என்று ஈர்ப்பு விதி சொல்கிறது. விழும் கல்லிலும் சுற்றும் நிலவிலும் அதைச் சோதித்துப் பார்க்கலாம். ஏன் இரட்டிக்க வேண்டும், ஏன் 4ஐக் கூட்ட வேண்டும் என்பதற்கு இந்தத் தொடரிடம் பதில் இல்லை. முதலில் நாம் சேர்த்த 0கூட இரட்டித்து வந்ததன்று, புதனுக்காக வைத்ததே!

இனி ஒரு கேள்வி: 1, 2, 4... அடுத்தது என்ன? இரட்டித்தால் 8. 1, 2, 3 என்று கூட்டிச் சென்றால் 7. இரண்டுமே சரிதான். ஆகவே, விடையோடு உங்கள் விதியையும் எழுதுங்கள். சோதனைச் சாலையில் கிடைத்த எண்களானால், "ஏன் இப்படி?" என்றும் கேளுங்கள். பௌதிகம் அங்கேதான் தொடங்குகிறது.