பெட்டிக்குள் அடைபட்ட காற்று

செலண்டாரில் நின்று நாலா பக்கமும் பார்த்தால் செம்பனையும் மிச்சமிருக்கும் பால்மரமும்தான் தெரியும். கடல் கண்ணில் படாது. மலாக்கா கடற்கரைக்கே போனாலும் நீரிணையின் நீர் கலங்கல்; நீட்டிய கை மங்கலாகத் தெரியும் நாள்களும் உண்டு. அதனால் நீருக்கடியில் படமெடுக்க ஆசைப்படும் நம்மூர்க்காரர்கள் சிப்பாங்கிலுள்ள கே.எல்.ஐ.ஏ.வுக்குப் போய், விமானமேறித் தாவாவில் இறங்கி, சாலை வழியாகச் செம்போர்னாவை அடைந்து, அங்கிருந்து படகில் தீவுகளுக்குச் செல்கிறார்கள். கார், விமானம், வேன், படகு என நான்கு வாகனங்கள் மாறும் பயணம் இது.

வரும் பள்ளி விடுமுறையில் நீங்களும் அப்படிப் புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேமரா மாமாவிடம் இரவல் வாங்கியது. அதற்கென்றே செய்த நீர்புகாக் கூடு ஒன்றும் இருக்கிறது. படமெடுப்போர் அதை ‘ஹவுசிங்’ என்பார்கள். கூட்டின் விலை சில வேளை கேமராவின் விலையையும் தாண்டும். ஏதாவது ஆனால் மாமாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

பணம் மட்டும் அல்ல, இன்னொன்றும் இதில் இருக்கிறது. கடலாமையின் கன்னத்திலுள்ள செதில்களின் அமைப்பு நம் கைரேகையைப் போன்றது. ஒன்றைப் போல் மற்றொன்று இருக்காது. இடக் கன்னமும் வலக் கன்னமும்கூட வெவ்வேறு. ஆய்வாளர்கள் இந்தப் படங்களை ஒப்பிட்டு, ஆமையைத் தொடாமலே, வளையம் மாட்டாமலே, ‘போன ஆண்டு பார்த்த அதே ஆமை’ என்று சொல்லிவிடுகிறார்கள். பெர்ஹெந்தியான் தீவுகளில் இப்படித்தான் ஆமைகளைக் கணக்கெடுக்கிறார்கள். நம் மலாக்காவின் பாடாங் கெமுந்திங் கரையோரம் முட்டையிட வரும் அழுங்காமையும் அருகி வரும் இனம்தான். நீங்கள் எடுக்கும் ஒரு தெளிவான கன்னப் படம் ஒரு பதிவாக மாறலாம். கூட்டுக்குள் இரண்டு சொட்டு உப்புநீர் போனால் அந்தப் பதிவும் போயிற்று, கேமராவும் போயிற்று.

கூடு கடலில்தானே சோதனைக்கு உள்ளாகும், பெட்டியில் வைத்து எடுத்துப் போவதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். முதல் சோதனை விமானத்திலேயே தொடங்கிவிடுகிறது.

லேடாங் மலையைப் போல் இரு மடங்கு உயரத்தில்

செலண்டாருக்குக் கிழக்கே இருக்கும் குனோங் லேடாங்கின் உயரம் 1,276 மீட்டர். விமானம் 10,000 மீட்டருக்கு மேல் பறக்கும்போது பயணிகள் அறைக்குள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். ஆனால் தரையில் இருக்கும் அளவுக்கு நிரப்புவதில்லை. அறைக்குள் இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். அதாவது, உங்கள் இருக்கையில் அமர்ந்தபடியே நீங்கள் லேடாங் மலையைப் போல் இரு மடங்கு உயரம் வரை ஏறிவிடுகிறீர்கள். பெட்டிகள் இருக்கும் கீழ்த்தளத்திலும் இதே அழுத்தம்தான்.

தரையில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். 2,400 மீட்டரில் அது சுமார் 75. அம்மா கட்டிக்கொடுத்த முறுக்குப் பொட்டலம் வானத்தில் பலூனைப் போல் உப்புவது இதனால்தான். பள்ளியில் ‘ஹுக்கும் போய்ல்’ என்று படித்த அதே பாயில் விதி: அழுத்தம் நான்கில் மூன்றாகக் குறைந்தால், காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்கும்.

பொட்டலம் உப்பலாம், கூடு உப்ப முடியாது. அலுமினியத்தாலோ கடினப் பிளாஸ்டிக்காலோ ஆன அதன் உள்ளே தரைக்காற்று 101 கிலோபாஸ்கலில் அடைபட்டிருக்கிறது, வெளியே 75. மீதமுள்ள 26 கிலோபாஸ்கலும் கூட்டின் மூடியை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. மூடி 20 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 0.03 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 780 நியூட்டன். வளர்ந்த ஆள் ஒருவர் உள்ளேயிருந்து மூடியை உதைத்துக்கொண்டே வருவதற்குச் சமம்.

கடலில் 20 மீட்டர் ஆழத்தில் அதே மூடியின் மேல் நீர் தரும் கூடுதல் விசை சுமார் 6,000 நியூட்டன். அதைத் தாங்கும் கூடு 780-ஐத் தாங்காதா? எண்ணைப் பார்த்தால் தாங்க வேண்டும். திசையைப் பார்த்தால் கதை வேறு. கூடு வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது. நீர் மூடியை உள்நோக்கி அழுத்த அழுத்த அது இன்னும் இறுகும். பொத்தான்களும் லென்ஸ் முன்னுள்ள கண்ணாடியும் அப்படியே. வெளிநோக்கித் தள்ளும்போது மூடியைப் பிடித்திருப்பவை சின்னக் கொக்கிகள் மட்டுமே. வீட்டுக் கதவை உள்ளே தள்ளினால் நிலைச்சட்டம் தாங்கும்; வெளியே இழுத்தால் தாழ்ப்பாள் மட்டும்தான் தாங்க வேண்டும். அதைப் போன்றதுதான் இது.

மூடி திறக்காவிட்டாலும் இன்னொரு வம்பு வரும். மேலே பறக்கும்போது உள்காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேறிவிடலாம். விமானம் இறங்கியதும் வெளிக்காற்று மூடியை உள்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொள்ளும். செம்போர்னாவில் அறைக்குப் போய் மூடியைத் திறக்கப் பார்த்தால் திறக்காது. அப்போது பலர் திருப்புளியையோ கத்தியையோ எடுக்கிறார்கள். அந்த ஒரு கீறல் போதும், கூடு அதன்பின் எந்தக் கடலுக்கும் உதவாது.

தீர்வு மிக எளிது, காசும் ஆகாது. கூட்டை மூடிப் பூட்டாதீர்கள். மூடிக்கும் உடலுக்கும் இடையில் இருக்கும் ரப்பர் வளையத்தை, அதாவது ஓ-ரிங்கை, கழற்றிச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கைப்பைக்குள் வையுங்கள். வளையம் இல்லாத மூடி காற்றைத் தாராளமாக விட்டுவிடும். வளையத்தை எங்கே வைத்தோம் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டுக்குள்ளேயே போட்டுவிடுவது இன்னும் நல்லது. வளையத்தை மறந்துவிட்டுக் கூட்டை மூடிக் கடலில் இறங்கினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒரு வளையத்தின் கதை

இந்த ஓ-ரிங் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம். ரப்பர் என்றால் நம் வட்டாரத்தில் தெரியாதவர் உண்டா? உங்கள் தாத்தா பாட்டி விடியற்காலையில் எழுந்து பால்மரம் வெட்டப் போனவர்களாக இருக்கலாம். கேமராக் கூட்டின் வளையம் பெரும்பாலும் செயற்கை ரப்பரில் ஆனது. ஆனால் அடிப்படைக் குணம் ஒன்றுதான்: நசுக்கினால் நசுங்கும், விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939-இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இன்று தண்ணீர்க் குழாயிலிருந்து ராக்கெட் வரை இதைக் காணலாம்.

ராக்கெட் என்றதும் நினைவுக்கு வருவது சேலஞ்சர். 1986 ஜனவரி 28 காலையில் கடுங்குளிர். விண்ணோடத்தின் உந்துகலத்தில் இருந்த ஓ-ரிங் குளிரில் விறைத்து, வேகமாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. இடைவெளியில் சூடான வாயு கசிந்தது. ஏழு பேர் உயிரிழந்தனர். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், அந்த ரப்பர்த் துண்டைக் கவ்வியில் இறுக்கிப் பனிக்கட்டி நீரில் முக்கி எடுத்து, அது உடனே விரியாததை எல்லார் முன்னும் காட்டினார்.

உங்கள் வளையத்துக்கும் இந்தக் குணம் உண்டு. மாதக்கணக்கில் மூடிக்குள் நசுங்கியே கிடந்தால் அது தட்டையாகிவிடும். பயணத்தின்போது கழற்றி வைப்பதால் அதற்கும் ஓய்வு. மீண்டும் மாட்டும்முன் விரலால் சுற்றி வருடுங்கள். ஒரு மணல் துகள், ஒரு தலைமுடி இருந்தாலும் நீர் அதன் வழியே புகும். சிலிக்கோன் கிரீஸ் ஒரு பயற்றளவு போதும். பலர் நினைப்பதுபோல் நீரைத் தடுப்பது கிரீஸ் அல்ல, வளையம்தான். வளையம் முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்கார உதவுவதே கிரீஸின் வேலை. அதிகம் பூசினால் அதிலேயே மணல் ஒட்டும்.

கூட்டை வைக்கும் வெளிப்பெட்டிக்கும் இதே சிக்கல் உண்டு. நீர் புகாத கடினப் பெட்டி 50 சென்டிமீட்டருக்கு 35 என்றால், மிக மோசமான நிலையில் தரையிறங்கிய பின் மூடியை அழுத்தும் விசை ஏறக்குறைய 450 கிலோ எடைக்குச் சமம். எந்தப் பயில்வானாலும் திறக்க முடியாது. அதனால்தான் இவ்வகைப் பெட்டிகளின் முன்புறம் ஒரு சிறு திருகு அல்லது காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு வைத்திருப்பார்கள். திருகு வகை என்றால் பயணத்துக்கு முன் தளர்த்தி வையுங்கள்.

பெட்டிக்குள் பஞ்சு எதற்கு? 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கேமரா கட்டாந்தரையில் 1 மில்லிமீட்டருக்குள் நின்றால், அதன் மீது புவியீர்ப்பைப் போல் ஆயிரம் மடங்கு வேகத்தளர்ச்சி. 2 சென்டிமீட்டர் அமுங்கும் பஞ்சில் நின்றால் ஐம்பது மடங்குதான். லென்ஸ் முன் மாட்டும் கண்ணாடிக் குமிழை நீந்தும் உடைக்குள் சுற்றி வைத்தால், தனியாகப் பஞ்சு வாங்கும் செலவும் மிச்சம்.

மின்கலம் எங்கே?

இதில் மட்டும் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. கருவியில் மாட்டாத லித்தியம் மின்கலங்களும் பவர்பேங்க்கும் கைப்பையில்தான் வர வேண்டும். கீழ்த்தளத்துக்குப் போகும் பெட்டியில் போடக்கூடாது. இது உலகெங்கும் உள்ள விதி.

காரணம் இதுதான். சேதமான லித்தியம் மின்கலத்துக்குள் வெப்பம் உண்டாகும். அந்த வெப்பமே வேதிவினையை விரைவுபடுத்தி இன்னும் வெப்பத்தை உண்டாக்கும். அருகிலுள்ள கலமும் பற்றிக்கொள்ளும். சரக்குத் தளத்தில் இருக்கும் ஹேலான் வாயு தீயை அடக்கும், ஆனால் இந்தச் சங்கிலியை நிறுத்தாது. அறைக்குள் என்றால் யாராவது புகையைப் பார்ப்பார்கள். பணியாளர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பார்கள். 2010 செப்டம்பர் 3-இல் துபாயிலிருந்து புறப்பட்ட யூ.பி.எஸ். சரக்கு விமானம் ஒன்றில், லித்தியம் மின்கலங்கள் இருந்த சரக்கில் தீப்பற்றியது. விமானம் விழுந்து இரு விமானிகளும் இறந்தனர். 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் லித்தியம் அயனி மின்கலங்களைத் தனிச் சரக்காக ஏற்றுவதே தடை செய்யப்பட்டது.

எவ்வளவு கொண்டுபோகலாம் என்பதை வாட்-மணியில் கணக்கிட வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். கேமரா மின்கலம் 7.2 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 14.4 வாட்-மணி. 100 வரை தடையில்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், உதிரியாக இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பவர்பேங்க் கணக்கில் பலர் தவறுவார்கள்: 20,000 மில்லி ஆம்பியர்-மணியை 5 வோல்ட்டால் அல்ல, உள்ளே இருக்கும் கலத்தின் 3.7 வோல்ட்டால் பெருக்க வேண்டும். விடை 74. உலோக முனைகளில் ஒட்டுநாடா ஒட்டுங்கள். சில்லறைக் காசும் சாவியும் இருக்கும் பையில் மின்கலத்தைப் போடாதீர்கள்.

முக்குளிப்போரின் கைவிளக்கைப் பலர் மறந்துவிடுவார்கள். கடலில் சுற்றியுள்ள நீர் அதன் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். துணிகளுக்கு நடுவே தற்செயலாக எரியத் தொடங்கினால் அந்த வெப்பம் போக இடமில்லை, துணி கருகலாம். விளக்கையும் கைப்பையில் வைத்து, அதன் மின்கலத்தைக் கழற்றித் தனியாக வையுங்கள். முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவையும் கைப்பையில் வைத்தால் எடை தாங்குமா? நம் நாட்டு மலிவுக் கட்டண விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோ என்பதே வழக்கம். வீட்டுத் தராசில் முதலில் நிறுத்துப் பாருங்கள். கேமராவும் மின்கலமும் கையோடு, காலிக் கூடும் கைப்பிடிகளும் பெட்டியில் என்று பிரிப்பதே என் யோசனை. கடலில் இறங்கிய பின் 4 கிலோ கூடு 3.8 லிட்டர் நீரை விலக்கினால், கையில் உணரும் எடை நூறு கிராம் அளவுதான். ஆர்க்கிமிடிஸ் கடலில் உதவுவார், விமான நிலையத் தராசில் உதவ மாட்டார்.

திரும்பும்போது முதல் வேலை, கூட்டை மூடிய நிலையிலேயே நல்ல நீரில் ஊறவைத்துப் பொத்தான்களை அழுத்தி அழுத்திக் கழுவுவது. உப்பு காய்ந்து படிகமாகிவிட்டால் வளையத்தை அறுக்கும். பிறகு துடைத்து, உலர்த்தி, வளையத்தைக் கழற்றி, போனபடியே அடுக்குங்கள்.

உங்கள் உடலையும் இதே காற்றழுத்தம் விடாது. காற்றுக்கலன் கட்டி முக்குளித்தவரின் திசுக்களில் நைட்ரஜன் கரைந்திருக்கும். உடனே விமானமேறினால் அழுத்தம் குறைந்து, சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் அது குமிழிகளாகப் பொங்கலாம். மூட்டு வலியிலிருந்து பக்கவாதம் வரை கொண்டுபோய்விடும். ஒரே ஒரு முறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்பு மருத்துவர்களின் பரிந்துரை. ஆகவே கடைசி நாளை செம்போர்னாவில் தரையிலேயே கழிக்கும்படி விமானச் சீட்டு எடுங்கள். எடுத்த படங்களில் ஆமைகளின் இடக் கன்னம் எது, வலக் கன்னம் எது என்று பெயரிட்டுப் பிரித்து வைக்க அந்த நேரம் சரியாக இருக்கும்.