புத்தரின் கழுத்து

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் முனியப்பன் இல்லை, புத்தர் என்று சொல்லி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரும்படி தொல்லியல் துறைக்கு உத்தரவானது. அந்த அறிக்கையை வைத்து 2022 ஜூலையில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்புச் சொன்னார். சிலை புத்தருடையதுதான். இடம் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்க வேண்டும். புத்தர் என்று பலகை வைக்க வேண்டும். பொதுமக்கள் வந்து பார்க்கலாம், பூசை மட்டும் கூடாது.

வல்லுநர்கள் ஒரு கல்லை எப்படிப் படிக்கிறார்கள் என்பதற்கு அந்த அறிக்கை நல்ல பாடம். தாமரைப் பீடம், ஒரு கால்மேல் இன்னொரு காலை மடக்கிவைத்த அர்த்த பத்மாசனம், மடியில் கைமேல் கை வைத்த தியான முத்திரை, சுருள் முடி, உச்சந்தலையில் உஷ்ணீஷம் என்னும் மேடு, தோளை நோக்கித் தொங்கும் காதுமடல். புருவ நடுவில் இருக்க வேண்டிய ஊர்ணா என்ற பொட்டு மட்டும் தெரியவில்லை. இத்தனையும் சொல்லிவிட்டு, கோயில் பெயரிலேயே இருக்கும் செய்தியையும் அறிக்கை சொன்னது: தலை உடம்பிலிருந்து துண்டாகியிருக்கிறது. அதைச் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்து, செய்யக் கூடாத விதத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

கள்ளக்குறிச்சிக்காரர்கள் புத்தரைப் பார்க்கச் சேலம்வரை போக வேண்டியதில்லை. சின்னசேலத்தைத் தாண்டி ஆத்தூர் சாலையில் போனால் தலைவாசல் பக்கம் தியாகனூர். கல்வராயன் மலைக்குத் தெற்கே, வசிஷ்ட நதிப் படுகையில் இருக்கும் இந்த ஊரில் பெரிய கல் புத்தர்கள் இருவர் அமர்ந்த கோலத்தில் இருக்கிறார்கள். அருகே ஆறகளூரிலும் ஒரு புத்தர் உண்டு. வாணகோவரையர்கள் ஆண்ட மகதை நாட்டின் தலைநகரம் அது.

ஆனால் இந்த வட்டாரத்தில் தியானத்தில் உட்கார்ந்த கற்சிலையெல்லாம் புத்தர் ஆகிவிடாது. உளுந்தூர்பேட்டைப் பக்கத்துத் திருநறுங்கொண்டை மலையில் சமணத் தீர்த்தங்கரரான பார்சுவநாதர் அப்பாண்டைநாதர் என்ற பெயரில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறார். சமணம் ஊன்றி நின்ற பூமி இது. தீர்த்தங்கரரும் அதே அர்த்த பத்மாசனத்தில்தான் உட்காருவார், கையும் அதே தியான முத்திரைதான். பிறகு எப்படிப் பிரித்தறிவது? நான் முதலில் இடது தோளைப் பார்ப்பேன். மார்பின் குறுக்கே சாய்வாக சீவரம் என்ற துறவாடையின் கரை ஓடி, இடது தோளில் மடிப்பு விழுந்தால் புத்தர். தீர்த்தங்கரர் மேனியில் ஆடை இருக்காது, தலைக்குமேல் முக்குடையும் இரு புறமும் சாமரம் வீசுவோரும் இருப்பார்கள். சில தமிழ்நாட்டுப் புத்தர்களின் உள்ளங்கையில் சக்கரக் குறியையும் காணலாம். நாகப்பட்டினத்தில் கிடைத்த செப்புப் புத்தர்களுக்கோ உஷ்ணீஷத்தின்மேல் தீச்சுடர் ஒன்று எழுந்து நிற்கும்.

புத்தரின் இந்த அடையாளங்களில் பாதி தலையில்தான் இருக்கின்றன. தலை போனால் ஆளை அடையாளம் காண்பதே கடினமாகிறது. சிலைகளில் முதலில் போவதும் தலைதான்.

உடைப்பவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். ஆனால் கழுத்து உடைவதற்கு உடைப்பவர் வேண்டும் என்பதில்லை. கல், மேலிருந்து அழுத்தும் பாரத்தை அசையாமல் தாங்கும். இழுவிசையைத் தாங்கும் வலிமையோ அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. வகுப்பறைச் சாக்பீஸை இரண்டு முனையிலும் பிடித்து லேசாக வளைத்தால் பட்டென்று முறிவது இதனால்தான். வளையும்போது ஒரு பக்கம் அழுந்துகிறது, மறு பக்கம் இழுபடுகிறது, இழுபடும் பக்கம் முதலில் பிளக்கிறது. உட்கார்ந்த சிலையில் மடி அகலம், மார்பு அகலம், தலையும் கனம். நடுவே கழுத்து மட்டும் ஒடுங்கி நிற்கிறது. போதாததற்கு அழகுக்காகச் சிற்பி கழுத்தில் மூன்று வரிகளைச் செதுக்கியிருப்பார். சிலை சாய்ந்து விழுந்தால், மண்ணிலிருந்து வடம் கட்டி இழுத்தால், மொத்த விசையும் வந்து குவிவது அந்த ஒடுங்கிய இடத்தில்தான்.

இத்தனைக்கும் நம் பக்கத்துக் கல் சாதாரணக் கல் இல்லை. கல்வராயன், சேர்வராயன், கொல்லி மூன்றும் பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற பாறையால் ஆன மலைகள். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக் கல்லை 1890-களில் ஆராய்ந்த ஹாலந்து என்ற நிலவியலாளர், அது சென்னைப் பக்கத்துப் பாறை என்று கண்டு, செத்தவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் கலந்த இந்த வகைக் கல்லில் உளி மரத்தில் இறங்குவதுபோல இறங்காது. ஒவ்வொரு அடியிலும் சில பளிங்குத் துகள்கள் நொறுங்கித் தெறிக்கும், அவ்வளவுதான். உளி முனையும் சீக்கிரம் மழுங்கும். அதை உலையில் காய்ச்சி, தட்டி, தண்ணீரில் தோய்த்துத் துவைச்சல் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே சிற்பியின் பக்கத்தில் கொல்லன் இல்லாமல் ஒரு காதுமடல்கூட முடியாது.

அந்தக் கொல்லர்கள் விஷயத்தில் கள்ளக்குறிச்சிக்குத் தனிப் பெருமை உண்டு. சங்கராபுரம் பக்கத்து மேல்சிறுவளூரில், மண்மூசையில் இரும்பை உருக்கி எஃகு செய்த இடத்தைப் பழங்கால உலோகங்களை ஆராயும் சாரதா சீனிவாசன் கண்டறிந்து 1994-இல் எழுதினார். தூய இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். கரி சேரச்சேர அந்த அளவு இறங்கும். மூடிய மூசைக்குள் இரும்போடு இலை தழை, மரத்துண்டு என்று கரிப்பொருளைப் போட்டுப் பலமணி நேரம் ஊதினால், கரியை உள்ளே இழுத்துக்கொண்டு இரும்பு உருகிவிடும். மேல்சிறுவளூர் மூசைத் துண்டுகளில் ஒட்டியிருந்த எஃகில் கரி 1 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. உலகம் ‘ஊட்ஸ்’ என்று கொண்டாடிய எஃகு அதுதான்.

மீண்டும் கழுத்துக்கு வருவோம். ஜப்பானுக்கும் இந்தக் கழுத்துத் தொல்லை உண்டு. நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயிலின் வெண்கலப் புத்தர் ஏறத்தாழ 15 மீட்டர் உயரம். ஒரே வார்ப்பில் முடிகிற உருவமில்லை என்பதால் கீழிருந்து மேலாக எட்டு அடுக்குகளாக வார்த்தார்கள். 752-இல் கண் திறப்பு விழா. தூரிகை பிடித்துக் கண் வரைந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. தூரிகையில் நீளமான கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தோர் அவற்றைப் பிடித்துக்கொண்டு புண்ணியத்தில் பங்கு வாங்கிக்கொண்டார்கள். நூறு வருடம் போனது. 855-இல் நிலநடுக்கத்தில் தலை கழன்று கீழே விழுந்தது. ஏற்றி வைத்தார்கள். 1180-இலும் 1567-இலும் போர்த் தீயில் வெந்தது. இன்று நாம் பார்க்கும் தலை 1690-களில் முடிந்தது. உடம்புக்கும் தலைக்கும் பல நூற்றாண்டு வயது வித்தியாசம்! தலையில் 966 சுருள் என்று காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லேசர் வைத்து அளந்து எண்ணியபோது 492 தான் இருந்திருக்கிறது.

அதே நாராவில் கோஃபுகுஜி கோயில் கதை இன்னும் விசித்திரம். 685-இல் முடிந்த ஒரு வெண்கலப் புத்தர் 1411 தீயில் உடம்பை இழந்தார். மிஞ்சிய தலையைப் பிறகு செய்த சிலையின் பீடத்துக்குள் வைத்து மூடிவிட்டார்கள், அது மறந்தும் போயிற்று. 1937-இல் பழுது பார்க்கும்போது வெளியே வந்தது. காதருகே நசுங்கிய அந்தத் தலை இன்று ஜப்பானின் தேசியச் செல்வம். அதற்கு யாரும் புது உடம்பு செய்து ஒட்டவில்லை.

கமகுராவின் வெட்டவெளிப் புத்தர் விஷயத்தில் பொறியாளர்கள் முந்திக்கொண்டார்கள். 1960-ஐ ஒட்டி நடந்த பழுதுபார்ப்பில் கழுத்தின் உட்புறத்துக்கு இழை கலந்த பிளாஸ்டிக்கால் வலுவூட்டினார்கள். பீடத்துக்கும் சிலைக்கும் நடுவே துருப்பிடிக்காத எஃகுத் தகடு வைத்தார்கள். நிலம் உலுக்கினால் சிலை அதன்மேல் வழுக்கிக்கொள்ளும், கழுத்துக்கு விசை ஏறாது.

இப்போது நம் சேலத்துச் சிமெண்டுக்கு வருவோம். ஒட்டியவர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. தலையில்லாத சாமியை யார் வைத்துக்கொள்வார்கள்? முனியப்பன் என்று பெயர் சூட்டி, மாலை போட்டு, படையல் வைத்ததால்தான் அந்தக் கல் வீட்டு அஸ்திவாரத்துக்குப் போகாமல் தப்பியது என்பது என் கட்சி. நீதிமன்றம் ஆளை அடையாளம் காட்டியது சரி. அதுவரை ஆளைக் காப்பாற்றியது முனியப்பன் பக்தர்கள்.

ஆனால் சிமெண்ட் கெடுதல்தான். அதில் கரையக்கூடிய உப்புகள் உண்டு. மழைத் தண்ணீரோடு அவை கல்லின் நுண்துளைகளுக்குள் போய், காயும்போது பளிங்காகிப் பெருத்து, மேல்தோலைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். பிடித்த சிமெண்டைப் பின்னால் எடுக்கப் போனால் கல்லும் சேர்ந்து வரும். உள்ளே இரும்புக் கம்பி செருகியிருந்தால் இன்னும் மோசம். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கேட்டுக் கேட்டுக் கல்லையே பிளந்துவிடும். சிலைப் பாதுகாப்பு வல்லுநர்கள் துருப்பிடிக்காத எஃகு அல்லது டைட்டானியம் முளை வைத்து, தேவைப்பட்டால் கழற்றக்கூடிய பசையால்தான் இணைப்பார்கள்.

கிணறு வெட்டும்போதோ உழும்போதோ உங்கள் நிலத்தில் இப்படி ஒரு தலையோ உடம்போ கிடைத்தால் கழுவித் தேய்க்க வேண்டாம், எண்ணெய் பூச வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். கிடந்த இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு, உடைந்த சில்லுகளையும் விடாமல் பொறுக்கி வைத்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்குமேல் மதிப்புள்ள பொருள் எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிப்பது கண்டெடுத்தவரின் கடமை.